ஆம்ப்ரோஸ் உறை தேடிய தவக்காலம்

எண்பத்து நாலாம் வருஷத் தவக்காலத்தில் ஆம்ப்ரோஸ் எதையும் விடப்போவதாக நேர்ந்துகொள்ளவில்லை. வழக்கமாகச் சிகரெட்டை விடுவார். ஈஸ்டர் பூசை முடிந்து கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் மறுபடி பிடித்துக்கொள்வார். இந்த முறை வீட்டுக்கு வேண்டிய தவம் முழுவதையும் அவர் மனைவி பிரிஜட் ஒருத்தியே எடுத்துக்கொண்டுவிட்டாள். சோறு கிடையாது. ரொட்டி கிடையாது. சீனி, உருளைக்கிழங்கு, பால், எதுவும் கிடையாது. குழைய வேகவைத்த கேரட், கோழிச் சாறு, மீன், முட்டை, அப்புறம் தயிர்.

அந்தத் தயிர்தான் வினை.

பிரிஜட்டுக்குப் பெருங்குடலில் புண். இரண்டு வருஷமாக மாத்திரையில் அடங்குவதும் மறுபடி கிளம்புவதுமாக இருந்தது, அந்த வருஷம் பொங்கலுக்குப் பிறகு அடங்கவே இல்லை. நாளுக்கு எத்தனை தடவை கழிவறைக்குப் போகிறாள் என்று ஆம்ப்ரோஸ் எண்ணுவதை நிறுத்திவிட்டார். ரவிக்கை எல்லாம் வேறு யாருடையதோ போலத் தொங்கியது. பெரியாஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, புது மாத்திரை ஒன்றை எழுதிக்கொண்டே, ஈஸ்டர் கழிந்ததும் அறுவை செய்து பெருங்குடலை எடுத்துவிடலாம், வயிற்றோரம் ஒரு பை வைத்துவிடலாம் என்றார். ஏதோ கிழிந்த சட்டைக்குப் பை வைக்கிற மாதிரி சொன்னார்.

உட்லண்ட்ஸ் அடுக்குமாடி வீட்டுக்குப் பஸ்ஸில் திரும்பினார்கள். புக்கித் தீமா தாண்டிய பிறகு பிரிஜட் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பை வச்சா சேலை கட்ட முடியுமாங்க?"

ஆம்ப்ரோஸிடம் எதற்கும் ஒரு நகைச்சுவை இருக்கும். இதற்கு இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "முடியும், முடியும்" என்றார். அவருக்கு எப்படித் தெரியும்?

வழி சொன்னது அடுத்த பிளாக் சரோஜினி அக்கா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ். இதே மாதிரி வியாதிக்காரர்களைச் சாப்பாட்டிலேயே தேற்றிய ஒரு டாக்டரிடம் அவர் முன்பு வேலை பார்த்திருக்கிறார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, வார்டில் பேசுகிற குரலில் விளக்கினார்.

"மற்றச் சாப்பாடெல்லாம் சுகம் தம்பி, லேசாச் செய்யலாம். தயிர்தான் கவனம். பாலுக்குள்ள ஒரு சீனி இருக்கு. உறையில இருக்கிற கிருமி அதைத் தின்னோணும். ஒரு பகல் ஒரு இரவு முழுக்க இளஞ்சூட்டில வைச்சுத் தின்ன விடோணும். அது தின்னாமல் விட்டதை உங்கட மனிசியின்ர குடல்தான் தின்னும். பிறகு குத்தும், ரத்தம் போகும்."

"நாங்க வீட்ல ராத்திரி உறை ஊத்திக் காலையில எடுக்கறோமே, அந்தத் தயிர்?"

"அது தயிர் எண்டு நீங்கள் சொல்லுறியள். குடல் அதை அரைவாசி பால் எண்டு சொல்லும்."

பிறகு எழுந்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "உறை நல்லதாப் பாத்து எடுங்கோ. மாவு, சீனி, ஜெலட்டின் ஒண்டும் சேராத உறை. அதுதான் எல்லாத்துக்கும் அத்திவாரம்" என்றார்.

பெரிய டாக்டரிடம் சொன்னபோது அவர் தோளைக் குலுக்கினார். சாப்பிடுங்கள், கெடுதல் இல்லை, தேதி தேதிதான் என்றார். ஆக, ஈஸ்டருக்குள் பிரிஜட்டின் வயிறு ஆறியாக வேண்டும். இல்லையென்றால் பை.

அடுப்படிப் பொறுப்பை ஆம்ப்ரோஸ் ஏற்றுக்கொண்டார். அவர் செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் ஸ்டோர் கிளார்க். அங்கே பதினெட்டு வருஷமாக அவர் கற்ற வித்தை ஒன்றுதான்: இயந்திரம் ஓடவில்லை என்று யாராவது வந்தால் பாகத்தை மாற்றிக் கொடு. அதுவும் ஓடவில்லையா, அடுத்த பாகத்தை மாற்று. தயிர் ஒரு இயந்திரம், உறை அதில் ஒரு பாகம், அவ்வளவுதானே என்று அவர் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. மனுஷனுக்குத் தெரிந்த சாவியைக் கொண்டுதானே எல்லாப் பூட்டையும் திறக்கப் பார்ப்பான்.

முதலில் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனார். தயிர் என்ற பெயரில் அங்கே இருந்தவை ஐஸ்கிரீமுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சிகள். ஸ்ட்ராபெரி, மாம்பழம், இன்னும் பெயர் தெரியாத ஏதோ ஊதா நிறப் பழம். ஒரே ஒரு கப்பில் பழப் படம் இல்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தார். சீனி இல்லை. ஜெலட்டின் இருந்தது. மாவும் இருந்தது. குளிர்பெட்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொரு கப்பாகத் திருப்பிப் படிப்பதைப் பார்த்த கடைப்பெண், "அங்கிள், நீங்க கவர்மெண்ட் ஆளா?" என்று கேட்டாள்.

"ஆமா லா, குடல் இலாகா" என்றார் ஆம்ப்ரோஸ். அவள் உண்மையாகவே மேனேஜரைக் கூப்பிடப் போனாள். அவர் நழுவிவிட்டார்.

அன்று சாயங்காலமே ஒரு டம்ளரோடு சரோஜினி அக்கா வீட்டு வாசலில் நின்றார். உள்ளே சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. அக்கா டம்ளரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"விளக்கு வைச்சாச்சு தம்பி. இனி நான் தயிர் வெளியில குடுக்கிறேல்லை."

"அக்கா, நீங்க நர்ஸா இருந்தவங்க."

"இருந்தன். அதுக்காக லட்சுமி என்னை மட்டும் மன்னிப்பாவோ? காலமை வாங்கோ."

காலையில் வாங்கினார், வேலைக்குத் தாமதமாகப் போனார். மீன் விற்கிறவர்கள் வைத்திருக்கும் வெள்ளை நுரைப்பெட்டி ஒன்றைக் கழுவி, மூடியில் ஓட்டை போட்டு, உள்ளே ஒரு சின்ன பல்பைத் தொங்கவிட்டார். பாலைக் காய்ச்சி ஆற்றி, உறை ஊற்றி, பெட்டிக்குள் வைத்துப் பல்பைப் போட்டார். எதிர்வீட்டு ரஷீதா கதவிடுக்கில் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் கோழிக்குஞ்சு பொரிக்க ஹவுசிங் போர்டு விடுகிறதா என்று மலாயில் கேட்டாள்.

ஒரு பகல், ஒரு இரவு. தயிர் கல் மாதிரி தோய்ந்திருந்தது. ஆம்ப்ரோஸ் அதைக் கிண்ணத்தில் எடுத்து, புது வால்வைப் பொருத்தியவர் போலப் பெருமையோடு கட்டிலண்டை கொண்டுபோனார். பிரிஜட் ஒரு கரண்டி வாயில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கன்னம் இரண்டும் உள்ளே போயின.

"என்னங்க இது. இதுக்கு ஆபரேஷனே தேவலை."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். இத்தனை நாளில் அவள் வாய்விட்டு ஒரு குறை சொன்னது அன்றுதான். வலியைக்கூட அவள் இப்படிச் சொன்னதில்லை. குளிர்பெட்டியைத் திறந்து பாலை எடுத்து அரைக் கரண்டி தயிரில் விட்டுக் கலக்கினார். தயிர் புளித்தால் பால் விட்டுப் புளிப்பை முறிப்பது யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. கை செய்யும், தலை வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருக்கும். தயிரில் விழுந்த பாலைப் பால் என்று எந்த அடுப்படியிலும் யாரும் சொன்னதில்லை.

"இப்பப் பரவாயில்லை" என்று பிரிஜட் முழுக்கிண்ணத்தையும் சாப்பிட்டாள். அன்றிலிருந்து தினமும் அரைக் கரண்டி.

அந்த வாரக் கடைசியில் அவளுக்கு வயிறு பிசைந்தது. மறுநாள் ரத்தம் கண்டது. கேரட்டைக் குறைத்துப் பார்த்தார்கள், மீனை நிறுத்திப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. ஆம்ப்ரோஸ் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். உறை சரியில்லை. பாகத்தை மாற்று.

மாற்றுவதற்கு முன் அடுத்த பிளாக்குக்குப் போய், "அக்கா, தப்பா நினைக்காதீங்க, நீங்க தயிர்ல பவுடர் பால் கலக்கறதுண்டா?" என்று கேட்டு வைத்தார். தப்பாக நினைக்காதீர்கள் என்று தொடங்கும் கேள்வியை யார் சரியாக நினைத்திருக்கிறார்கள்? சரோஜினி அக்கா கதவைச் சாத்தினார். மெதுவாகத்தான் சாத்தினார். அதுதான் அதிகம் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை லூர்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்ததும் நடந்தே தேக்காவுக்குப் போனார். மார்க்கெட்டைச் சாலைக்கு இந்தப் பக்கம் புதுக் கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள். எந்தப் படியில் ஏறினாலும் மீன் கடைக்குத்தான் கொண்டுவிட்டது. ஒருவழியாக இப்ராஹீமின் பிரியாணிக் கடையைக் கண்டுபிடித்தார். வெங்காயப் பச்சடிக்காக இப்ராஹீம் தினமும் அண்டா நிறையத் தயிர் தோய்ப்பவர், ஆம்ப்ரோஸுக்கு நெடுநாள் பழக்கம்.

"பாய், உங்க தயிர்ல என்ன சேக்கறீங்க?"

"என்னத்தண்ணே சேக்கப் போறோம். பாலு, உறை. அதுக்கு மேல ஒரு துளி சேக்க மாட்டேன், கேட்டுப் பாருங்க யாரையும்." கையைத் துடைத்துக்கொண்டே சொன்னவர், "ஒரு டின் பாலு ஊத்துவேன்" என்றார்.

"டின் பாலா?"

"இனிப்புப் பாலுதான். சின்ன டின்னு. இல்லன்னா கெட்டியா நிக்காது லா."

"பாய், இப்பத்தான் ஒரு துளி சேக்க மாட்டேன்னீங்க."

"அது சேக்கறது இல்லண்ணே. அது எப்பவும் போடறது."

ஆம்ப்ரோஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். மனுஷன் எதைச் சேர்க்கிறோம் என்றே தெரியாமல் சேர்த்துவிட்டுச் சத்தியம் வேறு பண்ணுகிறானே என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. விஷயத்தைக் கேட்டதும் இப்ராஹீமின் முகம் மாறியது. பிரிஜட் அவர் கடையில் எலும்பில்லாத துண்டாகப் பொறுக்கிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள். "தங்கச்சிக்கா? நாளைக்கு வாங்க, டின்னு இல்லாம தனியா ஊத்தி வைக்கிறேன்" என்றார். சொன்னபடி வைத்தும் கொடுத்தார்.

அந்த உறையில் தோய்ந்த தயிரும் புளித்தது. அரைக் கரண்டி பால் போட்டுப் பிரிஜட் சாப்பிட்டாள். நாலாம் நாள் வயிறு பிசைந்தது.

ஆம்ப்ரோஸ் நேரே தேக்காவுக்குப் போய்க் கூட்டத்துக்கு நடுவில், "பாய், டின் போடலைன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க" என்றார். இப்ராஹீம் அகப்பையைக் கீழே வைத்தார். "ஒரு பொம்பளை வயித்து விஷயத்துல நான் பொய் சொல்வேனாண்ணே?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அடுத்த ஆளுக்கு இலை போடத் திரும்பிவிட்டார்.

பிறகு ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்குப் போனார். ஐரோப்பாவிலிருந்து வந்த உறைத்தூள், வெள்ளிக் காகிதப் பொட்டலத்தில். குளிர்ந்த இடத்தில் வைக்கவும் என்று அதன்மேல் எழுதியிருந்தது. கடையில் அதை வெயில்படும் ஜன்னலோரம் அழகுக்காக அடுக்கியிருந்தார்கள். முதல் பொட்டலத்தில் பால் பாலாகவே இருந்தது. இரண்டாவதில் தோய்ந்தது. அதிலும் வயிறு பிசைந்தது.

தவக்காலம் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. பிரிஜட் படுக்கையிலேயே சிலுவைப்பாதை சொன்னாள். ஆம்ப்ரோஸ் ஒரு வேடிக்கையும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோன இரவுகள் உண்டு. பட்டறையில் யாராவது, "வீட்ல எப்படி இருக்காங்க?" என்று கேட்டால், "உறை கிடைக்கல" என்பார். கேட்டவர்களுக்கு ஒன்றும் புரியாது.

கடைசியாக, கடல்பாலத்துக்கு அந்தப் பக்கம், அடுத்த நாட்டு ஜொகூர். பிரிஜட்டின் ஒன்றுவிட்ட அண்ணன் சவரிராஜ் தம்போய் பக்கம் மூன்று மாடு வைத்திருந்தார். கலப்படமில்லாத பால், அதே பாலில் தலைமுறையாகத் தோய்ந்த உறை. போகும்போது ஒரு மணி நேரம். சவரிராஜ் பெரிய ஃபிளாஸ்க் நிறையத் தயிரைக் கொடுத்து, "தங்கச்சி மாட்டுத் தயிரை மறந்திருக்கும் மச்சான், அதான் வயிறு கோவிச்சுக்குது" என்றார். திரும்பும்போது பாலத்தில் வண்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன. வெயிலில், நின்றும் குலுங்கியும் ஊர்ந்த பஸ்ஸில், ஃபிளாஸ்க்குக்குள் தயிர் தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சுங்கச் சாவடியில் இளம் அதிகாரி ஒருவர் ஃபிளாஸ்க்கைச் சுட்டினார்.

"வாட் இஸ் திஸ், அங்கிள்?"

"கர்ட். மனைவிக்கு. மருந்து மாதிரி."

"ஓப்பன்."

"சார், ஓப்பன் பண்ணாம இருக்கறது உங்களுக்கு நல்லது."

இதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். அதிகாரியே வாங்கித் திருகினார். மூடி தானாக எழும்பி மேஜைமேல் விழுந்தது. பின்னாலேயே தயிர் வந்தது. அதிகாரியின் வெள்ளைச் சட்டையில், பெயர்ப் பட்டையில், மேஜையில் இருந்த முத்திரைப் பெட்டியில். வரிசையில் நின்ற ஒரு சீனக் கிழவர் சிரித்துவிட்டார். அதிகாரி தன்னைக் குனிந்து பார்த்தார், ஆம்ப்ரோஸைப் பார்த்தார், அந்த முகத்தில் என்ன கண்டாரோ, "கோ, கோ லா" என்று கையை ஆட்டிவிட்டார். ஃபிளாஸ்க்கின் அடியில் கால்வாசி மிஞ்சியது. உறைக்கு அது போதும்.

இந்த முறை ஆம்ப்ரோஸ் பட்டறைப் புத்தியை முழுதாகப் பயன்படுத்தினார். தனித்தனியாகச் சோதித்தால் நாள் போகிறது. எல்லா உறையையும் ஒரே பாலில், ஒரே பெட்டியில், ஒரே பல்பின் கீழ் வைத்துவிட்டால் எது நல்லது என்று தெரிந்துவிடும் அல்லவா. சரோஜினி அக்காவின் உறையிலும் இப்ராஹீமின் உறையிலும் குளிர்பெட்டியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நாலு டம்ளரில் ஊற்றி, ஒட்டுத்தாளில் நாலு நற்செய்தியாளர்களின் பெயரை எழுதினார்: மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான். அக்காவுடையது மத்தேயு. இப்ராஹீமுடையது மாற்கு. மருந்துக்கடைத் தூள் லூக்கா, அவர்தானே நாலு பேரில் வைத்தியர். ஜொகூர், யோவான்.

ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்ல ஆள் வேண்டும். சனிக்கிழமை காலை வெட்கத்தை விட்டு அடுத்த பிளாக்குக்குப் போனார். சரோஜினி அக்கா அவர் பேசி முடிக்கும்வரை கேட்டார்.

"பவுடர் பால் கலக்கிறவளிட்ட ஏன் கேக்கிறியள்?"

"அக்கா, நான் மடையன். என்னை அப்புறம் திட்டுங்க. பெரிய வியாழனுக்கு இன்னும் ரெண்டு வாரம்கூட இல்ல."

அக்கா வந்தார். பிரிஜட்டின் நாடியைப் பார்த்தார், கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். பிறகு மேஜைக்கு வந்து நாலு டம்ளரிலும் நாலு கரண்டியால் தொட்டு நாக்கில் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் முகம் சுருங்கி விரிந்தது.

"தம்பி, நாலும் சரியாத்தானே இருக்கு. நல்லாப் புளிச்சிருக்கு. சீனி மிச்சம் இருந்தால் இப்பிடிப் புளியாது."

"எது ரொம்பச் சரி?"

"நாலும் எண்டு சொல்லுறன். உறையில பிழை இல்லை."

"அப்ப ஏன்க்கா வலிக்குது?"

அக்கா கரண்டிகளைக் கீழே வைத்தார். ஆம்ப்ரோஸ் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். இவ்வளவு அலைந்து, இவ்வளவு பேரைப் பகைத்து, ஒரு சுங்க அதிகாரிக்குத் தயிராபிஷேகம் செய்து, கடைசியில் எல்லாப் பாகமும் சரி, இயந்திரம் மட்டும் ஓடவில்லை. உள்ளிருந்து பிரிஜட், "பசிக்குதுங்க" என்றாள். எழுந்துபோய் மத்தேயுவில் முக்கால்வாசியைக் கிண்ணத்தில் கவிழ்த்து, குளிர்பெட்டியைத் திறந்து, அரைக் கரண்டி விட்டுக் கலக்கிக்கொண்டே, "உங்களுக்குக் கோப்பி போடட்டுமாக்கா?" என்று கேட்டார்.

அக்கா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஊத்தினனீங்கள் இப்ப?"

"எதுல?"

"தயிருக்குள்ள."

"அதுவா? பால். புளிப்பு முறியறதுக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் அவர் காதிலேயே விழுந்தது. இருந்தும் வாய் நிற்கவில்லை. "கொஞ்சம்தான்க்கா. இது பால்னு இல்ல. தயிர்ல ஊத்தற பால். எப்பவும் ஊத்தறதுதான்."

"எப்பயிலிருந்து?"

"முதல் நாள்லேருந்து."

சரோஜினி அக்கா பெருமூச்சு விட்டுக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைக்க ஆரம்பித்தார். அதில் ஒரு தூசியும் இல்லை. "ஒரு பகல் ஒரு இரவு கிருமியைத் தின்ன வைச்சிட்டு," என்று மெதுவாகச் சொன்னார், "கடைசியில புதுசா ஒரு சாப்பாட்டை நீங்களே கொண்டுபோய்க் குடலுக்குக் குடுத்திருக்கிறியள்."

ஆம்ப்ரோஸ் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இப்ராஹீமின் முகம் நினைவுக்கு வந்தது. அது சேக்கறது இல்லண்ணே, அது எப்பவும் போடறது. அதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்ட அதே தலைதான் இது, அதே கைதான் இது. தவக்காலத்தில் முக்கால் பாகத்தை அவளுக்கு அவரே வலியாகக் கரைத்து ஊட்டியிருக்கிறார். அதுவும் எதற்கு? அவள் முகம் சுளிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல்.

அறைக்கதவு திறந்தேதான் இருந்தது. உள்ளே போனபோது பிரிஜட் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். அக்கா சத்தமில்லாமல் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

ஆம்ப்ரோஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். என்ன சொல்வது? மன்னித்துவிடு என்ற சொல் அவர் கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறைகூட உபயோகிக்காதது. வேடிக்கை சொல்லித்தான் எல்லாச் சண்டையையும் தாண்டி வந்திருக்கிறார்.

"பிரிஜி."

அவள் திரும்பவில்லை.

"என்னாலதான் உனக்குச் சேலை கட்ட முடியாமப் போயிருக்கும்."

சுவரைப் பார்த்தபடியே பேசினாள். "புளிக்குதுன்னு சொன்னது நான்தான."

"நீ ஆயிரம் சொல்லுவ. எனக்குப் புத்தி எங்க போச்சு?"

"நீங்க ஊத்தறது எனக்குத் தெரியும்." அவள் இப்போது திரும்பினாள். "மறுநாளே தெரிஞ்சுடுச்சு, எப்படிப் புளிப்பு குறையும்? நானும் அதைப் பால்னு நினைக்கல. அம்மா வீட்லயும் ஊத்துவோம்." பிறகு களைத்த குரலில், "ரெண்டு மடையனுக்கு நடுவுல அந்த அக்கா பாவம்" என்றாள்.

"சுங்கச் சாவடியில ஒரு ஆபீசரும் பாவம்" என்றார் ஆம்ப்ரோஸ்.

அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. கையை நீட்டி, "அதைக் கொட்டிட்டு வேற எடுத்துட்டு வாங்க. ஒண்ணும் ஊத்தாம" என்றாள்.

"எதை எடுக்க? மத்தேயு கொஞ்சம் மிச்சம் இருக்கு. மாற்கு, லூக்கா, யோவான் அப்படியே இருக்காங்க. எது வேணும்னு நீ சொல்லு, இனிமே அதையே உறையா வச்சுக்கலாம்."

"அக்காவோடதே இருக்கட்டும்."

"அண்ணன் மாட்டுத் தயிர்?"

"அக்கா வீடு கூப்பிடு தூரம். கெட்டுப்போச்சுன்னா காலையில போய் வாங்கிக்கலாம். நீங்க பாலம் தாண்டிப் போயிட்டு வர்ற வரைக்கும் நான் ஜன்னல்கிட்டயே நிக்கணும், என்னால நிக்க முடியல."

இத்தனை ஊர் சுற்றிக் கடைசியில் முதல் டம்ளருக்கே வந்து நின்றது. ஆம்ப்ரோஸ் எழுந்து அடுப்படிக்குப் போனார். தயிரைக் கொண்டுவந்து கொடுத்தார். பிரிஜட் சாப்பிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது, கன்னம் உள்ளே போயிற்று, ஒவ்வொரு கரண்டிக்கும் தோள் குலுங்கியது. அவர் கை மடியில் நிலைகொள்ளாமல் தவித்தது.

"நீங்க வெளிய போய் நில்லுங்க. என் தயிரைவிட உங்க மூஞ்சி புளிக்குது."

அவர் காரிடாரில் போய் நின்றார். ரஷீதா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குஞ்சு பொரித்துவிட்டதா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றார்.

தினமும் அதே கதை. அவள் சாப்பிடும் நேரமெல்லாம் அவர் காரிடாரில். குருத்தோலை ஞாயிறன்று தேக்காவுக்குப் போய் இப்ராஹீமின் கல்லாவுக்கு எதிரில் நின்று நடந்ததைச் சொன்னார். இப்ராஹீம் முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப நீங்களும் எப்பவும் போடற ஆளுதான்" என்றார். கோபம் முழுக்கத் தீர்ந்ததா என்று தெரியவில்லை. ஆனால் தங்கச்சிக்கு என்று மசாலா இல்லாமல் வேகவைத்த கோழித் துண்டு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார்.

பெரிய வாரத்தில் பிசைவது குறைந்தது. நின்றுவிட்டதா என்று ஆம்ப்ரோஸ் கேட்கப் பயந்தார். கேட்டால் திரும்பி வந்துவிடும் போல. புனித சனி இரவுப் பூசைக்குப் பிரிஜட் வரவில்லை. ஆனால் ஈஸ்டர் ஞாயிறு மத்தியானம் அவளாக எழுந்து குளித்தாள்.

அறுவைக்குக் குறித்த வாரத்தில் பெரிய டாக்டர் மறுபடி பார்த்தார். ரத்தச் சோதனைக் காகிதத்தைப் படித்தார், வயிற்றை அமுக்கினார், எடை பார்த்தார். கொஞ்சம் ஏறியிருந்தது. புதிய மாத்திரை இப்போதுதான் வேலை செய்ய ஆரம்பித்திருக்கிறது போலிருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அறுவையை ரத்து செய்யவில்லை. இரண்டு மாதம் தள்ளிப் போட்டு, அப்போது பார்க்கலாம் என்றார்.

ஆம்ப்ரோஸுக்கு வாய் துறுதுறுத்தது. மாத்திரையா? நுரைப்பெட்டி, பல்பு, மத்தேயு, பாலம், எல்லாவற்றையும் அந்த ஆளுக்கு முன்னால் கொட்ட வேண்டும் போலிருந்தது. "டாக்டர், தயிர்..." என்று தொடங்கினார். மேஜைக்குக் கீழே பிரிஜட் அவர் தொடையில் கிள்ளினாள். எலும்பும் நகமுமான விரல். நன்றாகவே வலித்தது.

வெளியே பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. பிரிஜட் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்கார் என்று அவர் சொன்னபோது வேண்டாம் என்றாள். இரண்டு மாதம் என்பது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

"நாளையிலேருந்து உறை நானே ஊத்திக்கறேன்" என்றாள் பிரிஜட்.

"ஏன், இப்பத்தான் நான் சரியாப் பழகியிருக்கேன்."

"அதான் பயமா இருக்கு."

"உன்னால அடுப்படியில அவ்வளவு நேரம் நிக்க முடியுமா?"

"இங்க நின்னுட்டுத்தானே இருக்கேன்." அவள் பஸ் வருகிற திசையைப் பார்த்தாள். "பாலைக் கொண்டுவந்து மேடையில வச்சுட்டு நீங்க ஹாலுக்குப் போயிடணும். கரண்டியத் தொடக்கூடாது."

பதினெட்டு வருஷம் ஸ்டோரில் இருந்தவரை வேலையைவிட்டு நீக்கிய மாதிரிதான் இருந்தது. ஆம்ப்ரோஸ் சரி என்றார். பஸ் வந்ததும் அவள் முதலில் ஏறினாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு, தானாகவே.